குரலை வாங்கிக்கொண்ட மாத்திரை

அறுபதுகளின் பிற்பகுதி அது. அப்போது நாங்கள் மாத்தளை டவுனில், பெரிய வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துணி வியாபாரம். கடை என்று ஒன்றும் கிடையாது. ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் சாரம், பெண்கள் கட்டும் கம்பாயம், பூப்போட்ட சீத்தை, பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போவோம். ஒரு நாள் ரத்தோட்டை, ஒரு நாள் உக்குவளை, ஒரு நாள் நாவுல, கிழமைக்கு ஒரு தடவை மலைக்கு அந்தப் பக்கம் பல்லேகம. கல்யாணமான புதிதில் அவர் மட்டும்தான் போனார். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று பிறகு நானும் கூடப் போக ஆரம்பித்தேன். துணியை அளந்து கிழித்துக் கொடுப்பது என் வேலை. ஆட்களைக் கூப்பிட்டு விற்பது அவர் வேலை.

அவருடைய குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஆள் ஒன்றும் பெரிய உயரமில்லை. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, தோளில் ஒரு சீத்தைத் துணியைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தாரென்றால், சந்தையின் அடுத்த முனையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். தமிழும் சிங்களமும் அவர் வாயில் பின்னிக்கொண்டு வரும். சிங்களத்தில் "என்ன" என்றால் "வாங்க" என்று அர்த்தம், "நோனா" என்றால் அம்மா. அதைப் பிடித்துக்கொள்வார். "என்ன என்ன, நோனே, நான் என்ன வேணும்னு கேக்கல, வாங்கன்னு கூப்பிடுறேன். வந்தப்புறம் கேக்குறேன் என்ன வேணும்னு" என்று நீட்டி முழக்குவார். தேயிலைத் தோட்டத்துச் சனங்களும் சிரிப்பார்கள், கிராமத்துச் சிங்களப் பெண்களும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் சும்மா போக மாட்டார்கள். ஒரு முழமாவது கிழித்துக்கொண்டுதான் போவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். கிணற்றடியில் குளிக்கும்போது பாட்டு, சாப்பிடும்போது அன்றைக்குச் சந்தையில் நடந்த கதை, தெருவில் போகிறவரை வாசலிலிருந்தே நிறுத்தி ஒரு கேலி. கோபமும் அதே அளவுக்கு வரும். குழம்பு சரியில்லை என்று அவர் போடுகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நானும் விட மாட்டேன். சண்டை போட்ட கொஞ்ச நேரத்தில் அவரே வந்து, "என்ன புள்ள, கோவம் போச்சா, இல்ல இன்னும் ரெண்டு பேச்சு மிச்சமிருக்கா?" என்பார். பிள்ளை இல்லாத வீடு என்று எங்கள் வீட்டுக்கு வந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அண்ணியின் கணவர் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், வாய் கோணி விழுந்து, அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பிரஷர் என்றார்களாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அண்ணியின் முகம் வெளிறிவிடும்.

அதனால், உக்குவளைச் சந்தையில் ஒரு நாள் கூவிக்கொண்டிருந்தபோதே என் வீட்டுக்காரரின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியதும் எனக்கு முதலில் அண்ணியின் ஞாபகம்தான் வந்தது. தோளில் கிடந்த சீத்தைத் துணியாலேயே மூக்கைப் பொத்தி அவரை டவுனுக்குக் கூட்டி வந்தேன். எங்கள் தெரு முனையில் ஒரு டாக்டர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அளந்துதான் பேசுவார். சிரித்து நான் பார்த்ததில்லை. கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"இருநூறுக்கு மேல நிக்குது. இவ்வளவு நாளும் தலையிடி ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

"தலைவலி இருக்கும்தான், டாக்டர். சந்தையில கத்துறதால வருதுன்னு நெனச்சேன்" என்றார் இவர்.

அன்றைக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். உடம்பிலிருக்கிற தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ளுகிற மாத்திரை. நாங்கள் அதைத் தண்ணி மாத்திரை என்றே சொல்வோம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் மறந்துவிட வேண்டும் என்றார். சாப்பாட்டில் உப்பு பேருக்குத்தான். அண்ணி அன்றைக்கே கருவாட்டுச் சட்டியைத் தூக்கி அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டார். இவர் இரண்டு நாள் புலம்பினார். "ஆத்துல போற தண்ணியையும் வைக்கோலையும் குடுங்க, தின்னுட்டுப் போறேன்" என்று கத்தினார். ஆனாலும் சாப்பிட்டார். மாத்திரையும் தவறாமல் போட்டார்.

பிரஷர் இறங்கவில்லை. கொஞ்சம் இறங்குவதும் திரும்ப ஏறுவதுமாக இருந்தது. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் வந்தது. தேருக்கு முந்திய நாட்களில்தான் எங்களுக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம். தொண்டை கட்டும் அளவுக்குக் கூவினார். தேர் முடிந்த பிறகு டிஸ்பென்சரிக்குப் போனபோது டாக்டர் தலையை ஆட்டினார்.

"ஒரு குளிசைக்கு அடங்கிற பிரஷர் இல்ல இது. இதோட இன்னொண்டைச் சேர்க்கிறன். ஒரு வேரிலயிருந்து எடுக்கிற மருந்து. நாடியைத் தணிக்கும்."

சின்ன வெள்ளை மாத்திரை. கையில் வைத்தால் ஒரு அரிசிக் குறுணை மாதிரி இருக்கும். அதைப் போட ஆரம்பித்த பிறகு பிரஷர் இறங்கத் தொடங்கியது. அண்ணி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். நானும்தான் சந்தோஷப்பட்டேன்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. அதனால்தான் எனக்கும் விளங்கவில்லை. முதலில் மூக்கடைப்பு என்றார். பிறகு எந்த நேரமும் தூக்கக் கலக்கம். கிணற்றடியில் பாட்டு நின்றது. தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கும். சாப்பிடும்போது கதை நின்றது. நான் கேட்டால் ஒரு சொல், இரண்டு சொல். புத்தருக்கு எடுக்கிற வெசாக் பண்டிகை வந்தபோது டவுன் முழுக்க வெளிச்சக் கூடு கட்டியிருந்தார்கள். வருஷா வருஷம் கூட்டத்துக்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மனுஷன், அந்த வருஷம் வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெசாக் பாக்கப் போவோமா?" என்று கேட்டேன்.

"நீ போயிட்டு வா" என்றார். கோபமில்லை, சலிப்பில்லை. ஒன்றுமே இல்லை அந்தக் குரலில்.

அண்ணிக்கு அதில் குறை தெரியவில்லை. "இப்பதான் மனுசனா அடங்கியிருக்கான். சின்ன வயசுலேருந்து இவன் போட்ட கூப்பாடு கொஞ்சமா? அந்தக் கூப்பாடுதான் பிரஷரா ஏறிச்சு" என்று சொல்வார். அக்கம்பக்கத்திலும் அதே பேச்சுத்தான். அமைதியாகிவிட்டார், நல்ல மருந்து, கைராசிக்கார டாக்டர். எனக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. வெளியே சொல்லவும் முடியவில்லை. பிரஷர் இறங்கி, சண்டை சச்சரவு இல்லாமல், வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பற்றி ஒரு பெண் யாரிடம் போய் என்ன குறை சொல்வாள்?

ஒரு நாள் வேண்டுமென்றே அவருக்குச் சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தேன். கத்துவார் என்று அடுப்படியில் காத்துக்கொண்டு நின்றேன். குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டார். இன்னொரு நாள் அவருக்குப் பிடிக்காத பாகற்காயைச் சமைத்து வைத்தேன். அதையும் தின்றார். அன்றைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என்னைத் திட்டுங்களேன் என்று கேட்கவா முடியும்?

சந்தையில் பாடு இன்னும் மோசம். பெட்டிமேல் ஏறுவார், துணியைத் தோளில் போடுவார், வாயைத் திறப்பார். இரண்டு வார்த்தை வரும். பிறகு இறங்கிப் பெட்டியிலேயே உட்கார்ந்துவிடுவார். கடைசியில் நானே கூவ ஆரம்பித்தேன். என் குரல் கீச்சுக் குரல். வெட்கம் வேறு. பழகிய சனங்கள் என் நிலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வாங்கினார்கள். அடுத்த வரிசையில் வேறு எந்த வியாபாரியாவது உரத்துக் கூப்பிட்டால், இவர்தானோ என்று என் தலை தானாகத் திரும்பும். திரும்பினால் இவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருக்கிற ஆளைத் தேடித் தேடி நான் களைத்துப் போனேன்.

டாக்டரிடம் மாதா மாதம் போய்க்கொண்டுதான் இருந்தோம். பிரஷர் இறங்கியிருந்தது, ஆனால் இறங்க வேண்டிய அளவுக்கு இல்லை. வெள்ளை மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டினார். "உடம்பில வேற ஏதும் வருத்தம் இருக்கோ?" என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. வெளியே ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள். பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த இரண்டு மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த ஒரு பல்லேகமச் சந்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து பிடிக்கிற லொறியில் மலை ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தோம். அறுவடை முடிந்த நேரம். சனம் நிறைய வந்திருந்தது. நான் அளப்பதும் கூவுவதுமாக இருந்தேன். மத்தியானம் அவர் எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்றார். சரி என்றேன். இரண்டு மூன்று பேருக்குத் துணி கிழித்துக் கொடுத்துவிட்டுப் பார்க்கிறேன், ஆள் வரவில்லை. தேத்தண்ணிக் கடையில் இல்லை. லொறியடியில் இல்லை. எங்கள் பக்கத்தில் எப்போதும் கித்துள் மரத்துக் கருப்பட்டி விற்கும் ஒரு சிங்கள அம்மா இருப்பார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணி முதலாளி ஆற்றுப் பக்கம் போனதைக் கண்டேன் என்று சொன்னார். "நீ போ மகள், துணியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டதும் முழக்கோலை அப்படியே போட்டேன். நான் ஓடினேன்.

ஆறு அந்த இடத்தில் அகலமில்லை, ஆனால் இழுப்பு அதிகம். இவர் செருப்பைக் கரையில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, சாரத்தோடு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றார். முகம் நடு ஆற்றைப் பார்த்திருந்தது. நான் அப்படியே சேலையோடு இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தார். என்னைத் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்த மாதிரி இருந்தது.

"என்னங்க இது? வாங்க."

"இந்தத் தண்ணிச் சத்தம் நல்லாருக்கு புள்ள. கூடவே வான்னு கூப்புடுற மாதிரி இருக்கு."

"நான் கூப்பிடுறேன். என்கூட வாங்க."

"எனக்கு எதுவுமே வேணும்னு தோணல்ல" என்றார். "பசி தோணல்ல. பேசத் தோணல்ல. ஒன்னப் பாத்தாலும் ஒண்ணும் தோணல்ல. ஏன்னு தெரியல."

அவர் அவ்வளவு பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தப் பேச்சுக்காகவா இவ்வளவு நாளும் ஏங்கிக் காத்திருந்தேன்? கையை விடாமல் கரைக்குக் கூட்டி வந்து, செருப்பை என் கையாலேயே மாட்டிவிட்டேன். நாங்கள் திரும்பி வந்தபோது கருப்பட்டிக்கார அம்மா எங்கள் துணியையெல்லாம் மடித்து மூட்டை கட்டி வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இவர் கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்து மூடிவிட்டார். லொறி மாத்தளை வந்து சேரும்வரை நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை, அண்ணியிடம் அவரை விட்டுவிட்டு ஒரு நிமிஷமும் தனியே விட வேண்டாம் என்று சொல்லி, நான் மட்டும் டிஸ்பென்சரிக்குப் போனேன்.

"என்ன பிள்ளை, ஆள் வரேல்லையோ?" என்றார் டாக்டர்.

"இல்லங்க டாக்டர். அவர் பேச மாட்டேங்கிறாரு."

"சண்டையோ?"

"சண்டையே போட மாட்டேங்கிறாருங்க."

டாக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சத்தம் போடாத புருசன் வேணுமெண்டு கோயிலுக்கு நேந்து வைக்கிற பொம்பிளையளும் இருக்கினம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஆற்றைப் பற்றிச் சொன்னேன். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்ததைச் சொன்னேன். சீனி இல்லாத தேத்தண்ணியைக்கூடச் சொன்னேன். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"மாசி மகத் தேருக்கு நல்லாக் கூவினாருங்க. வெசாக் வரும்போது வாயத் தொறக்கல."

"தேர் முடிஞ்சுதானே ரெண்டாவது குளிசையைச் சேர்த்தனான்?"

"ஆமாங்க."

"இரவில நித்திரை கொள்ளுறாரோ? விடியப்புறம் வேளைக்கு முழிச்சுப்போடுறாரோ?"

"விடியறதுக்கு ரொம்ப முன்னாலேயே எந்திரிச்சு உக்காந்திருப்பாருங்க. சில நாள் கண்ணுல தண்ணி வடியும். கேட்டா ஒண்ணுமில்லம்பாரு."

டாக்டர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "பிழை அவரில இல்ல, உங்களிலயும் இல்ல. அந்த மருந்துக்கு இப்பிடி ஒரு குணம் இருக்கு. சில பேருக்கு மனசையும் சேர்த்துத் தணிச்சுப்போடும். நான் ஒவ்வொரு முறையும் அவரின்ர கையைத்தான் பிடிச்சுப் பாத்தனான். முகத்தைப் பாக்கேல்ல."

எவ்வளவோ பெரிய டாக்டர், என்னைப் போல் எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒரு சந்தைக்காரியிடம் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொன்னார். பிறகு செய்ய வேண்டியதையும் சொன்னார். வெள்ளை மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். ஆனால் அது உடம்பைவிட்டுப் போகச் சில கிழமை எடுக்கும். அதற்கிடையில் பிரஷர் ஏறும். தண்ணி மாத்திரையோடு வேறொரு மாத்திரையைச் சேர்க்க வேண்டும். அதைக் கொஞ்சத்தில் தொடங்கி, பார்த்துப் பார்த்துத்தான் கூட்டலாம். "அந்த இடைவெளிதான் பயம்" என்றார். "சந்தை வேண்டாம். ஆற்றுப் பக்கம், கிணற்றுப் பக்கம் தனிய விடவும் வேண்டாம். நான் பின்னேரத்தில வீட்டுக்கு வந்து பாக்கிறன்."

அந்தப் புது மாத்திரை மாத்தளையில் கிடைக்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டை எடுத்துக்கொண்டு நானே கண்டிக்கு ரயிலேறினேன். தனியாக நான் அதற்கு முன் ரயிலில் போனதில்லை. போகும்போதும் வரும்போதும் ஒரே நினைப்புத்தான். அவர் பேச வேண்டும் என்று நான் ஆசைப்பட்டு, அந்த ஆசையால் அவர் உயிருக்கே வினை வந்துவிட்டால்? வாய் பேசாவிட்டாலும் ஆள் இருந்தாரே என்று பிறகு அழ வேண்டி வந்துவிட்டால்?

அந்தப் பயம் சும்மா வந்த பயமில்லை. வெள்ளை மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் பிரஷர் ஏறியது. ஒரு காலை மறுபடியும் மூக்கில் இரத்தம். அண்ணி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

"சும்மா இருந்தவனக் கெடுத்துட்டியே. உசிரோட இருந்தாப் போதாதா ஒனக்கு? பேச்சு வேணுமா?" என்றார். கத்தவில்லை. அழுதுகொண்டே கேட்டார். "எம் புருசன் ஊமையா இருந்திருந்தாலும் சரி, இன்னைக்கு இருந்திருக்கக் கூடாதான்னு நான் தவிக்கிறேன்."

அண்ணி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இரத்தம் நின்று, அவரைப் படுக்க வைத்த பிறகு, அவரிடமே கேட்டுவிடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னங்க, பயமா இருக்கு. பழைய மாத்திரையையே போட்ருவோமா?"

கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேணாம் புள்ள. அது உள்ள போனா என்னால வெளிய வர முடியல."

அண்ணியும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு பேருமாக மாறி மாறி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் சொன்னபடியே வந்தார். டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு, கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னேரங்களில் எங்கள் சின்ன வீட்டுக்குக் குனிந்து நுழைவார். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்ப்பார். புது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். அதிலும் ஒரு தொல்லை இருந்தது. சட்டென்று எழுந்தால் கண் இருட்டி விழுந்துவிடுவார். "முதல் எழும்பிப் படுக்கையிலேயே இருக்க வேணும். காலைக் கீழ விட்டுக் கொஞ்ச நேரம் இருந்து, பிறகுதான் நிக்க வேணும். அவசரப்பட்டா மண்டை உடையும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிரஷர் பார்த்து முடிந்த பிறகும் உடனே போக மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, இவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நாவுலச் சந்தையில் என்ன மரக்கறி வரும், பல்லேகமவுக்கு எந்த வழியில் லொறி போகும் என்று ஏதாவது கேட்பார். அவருக்கு அதெல்லாம் எதற்கு? இவர் பதில் சொல்கிறாரா என்று பார்க்கத்தான். முதல் நாட்களில் ஒரு தலையாட்டல். பிறகு ஒரு சொல். ஒரு நாள், "அந்த வழியா இல்லங்க டாக்டர்" என்று இவரே திருத்தினார். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனுஷர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிரஷர் மெல்ல மெல்ல இறங்கி ஒரு அளவில் நின்றது. ஆனால் நான் காத்திருந்தது இன்னும் வரவில்லை. பேச்சு வந்தது, சரி. அது யாரோ ஒரு நோயாளியின் பேச்சு.

ஒரு காலை இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வைத்தேன். உப்பே இல்லாத சம்பல்தான், எத்தனையோ மாதமாக அதுதான். ஒரு வாய் வைத்தார். மென்றார். கையை உதறினார்.

"என்னடி இது? மனுசன் திங்கிறதுக்கு வச்சியா, மாட்டுக்கு வச்சியா? தேங்காயப் பூவாத் துருவி அப்பிடியே தட்டுல கொட்டிட்டு, இதுக்குப் பேரு சம்பலா?"

அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருக்கு எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை நிற்கவில்லை. இவர் பயந்துபோய், "ஏன் புள்ள, என்ன சொல்லிட்டேன்? உப்பு போடச் சொல்லல, வேணாம், இதையே திங்கிறேன்" என்று என் தலையைத் தடவினார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவருக்கும் அந்தக் குரல் தேவைப்பட்டிருந்தது. பயத்தில் அதை அவர் தன்னிடமே ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு முதன்முதலாக ரத்தோட்டைச் சந்தைக்குப் போனோம். பெட்டிமேல் ஏறக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதனால் பெட்டியில் உட்கார்ந்துகொண்டே ஆரம்பித்தார். முதலில் குரல் கரகரத்தது. பிறகு திறந்துகொண்டது. "முதலாளி உக்காந்துட்டாரு, வெலையும் உக்காந்துருச்சு, எந்திரிக்கிறதுக்குள்ள வந்து வாங்கிட்டுப் போங்க" என்று அவர் முழங்கியதும் நாலா பக்கமிருந்தும் தலைகள் திரும்பின. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே துணியை அளந்தேன். அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு ஒரு முழம் கூடுதலாகவே கிழித்துக் கொடுத்துவிட்டேன். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் இருந்தார். மாத்திரைகள் கூடின, குறைந்தன, பேர் மாறின. ஒவ்வொரு புது மாத்திரை சேர்க்கும்போதும் அந்த டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, "நீங்கள்தான் சொல்ல வேணும் பிள்ளை, ஆள் எப்பிடி?" என்று கேட்பார். பட்டி சுற்றிப் பார்க்கிற கணக்கை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, என் பதிலை இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டுதான் மருந்து எழுதுவார். பிறகு அவர் இடம் மாறிப் போய்விட்டார். எங்கே போனார், எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. சாப்பிடும்போது பேசிக்கொண்டுதான் இருந்தார்.

அவருக்காக நான் வாழ்க்கையில் இரண்டு முறை ஏங்கியிருக்கிறேன். ஒன்று அவர் போன பிறகு. அது இன்றுவரைக்கும் தீரவில்லை, தீரவும் வேண்டாம். அதற்கு ஆறுதல் சொல்ல ஊரே வந்தது. மற்றது, அவர் என் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே ஏங்கிய ஏக்கம். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் நான் தவித்த காலத்தில், கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து கேட்ட அந்த ஒரு மனிதரை, என் வீட்டுக்காரரை நினைக்கிற ஒவ்வொரு நாளும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.